வயிற்றில் கட்டிய அரிசி

எங்கள் வளவில் காலையில் ஒரே ஒரு தீக்குச்சிதான் எரியும். இன்றைக்கு எந்த வீட்டு முறை என்பதைப் பக்கத்து வீட்டு அக்காதான் சொல்வாள். அந்த வீட்டு அடுப்பு பற்றியதும் மற்றப் பெண்கள் ஆளுக்கொரு சிரட்டையில் கங்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். "தீப்பெட்டிக்காரன் நமக்கென்ன மாமனா மச்சானா, அம்புட்டு வீட்லயும் கிழிச்சுக் கொட்டுறதுக்கு?" என்பாள். ஒரு நாள் நான் சோம்பல்பட்டு என் வீட்டிலேயே ஒரு குச்சியைக் கிழித்துவிட்டேன். மருந்து வாடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை. அணைந்த குச்சியை எடுத்து, காது குடைய ஆகும் என்று கொண்டைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

மதுரையில் கோச்சடைக்குப் போகிற வழியில் இருந்தது அந்த வளவு. ஒரு முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் ஆறு குடித்தனம். ஆண்கள் எல்லோரும் மில்லுக்குப் போகிறவர்கள். நான் புதுப்பெண்ணாக அங்கே வந்தபோது அவளுக்கு முப்பதை ஒட்டி வயது இருக்கும். எனக்கு அவள் அக்கா. என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏடி" தான்.

மூலைக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். மளிகை வாங்கக் கீழமாசி வீதிக்கு நடந்தே போவாள். மூட்டை அடியில் தங்கிய பொடி வெல்லம், காம்பு உதிர்ந்த வத்தல், மூக்குடைந்த துவரம்பருப்பு எல்லாம் அவளுக்காகவே ஒதுங்கிக் கிடக்கும். "வெல்லம் உருண்டையா இருந்தா என்ன, தூளா இருந்தா என்ன, கரையத்தானே போகுது?" எண்ணெய் ஊற்றினால் அளவுச் செம்பைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லி, கடைசிச் சொட்டு விழும்வரை நகர மாட்டாள். புளியைப் பங்குனியில் வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைப்பாள். அந்தக் கொட்டையையும் விட மாட்டாள், பசை காய்ச்சும் நெசவுக்காரர்களிடம் கொடுத்து அதற்கு ஈடாகத் துண்டுத்துணி வாங்கி வருவாள். அரிசி களைந்த முதல் தண்ணீர் மாட்டுக்கு, இரண்டாம் தண்ணீர் குழம்புக்கு, வடித்த கஞ்சி பாதி வயிற்றுக்கு, பாதி புருஷன் வேட்டிக்கு.

கருமி என்று வளவில் சொல்வார்கள். எனக்கு அது பொறுக்காது. கருமி தனக்கும் வைத்துக்கொள்வான், பிறத்தியாருக்கும் கொடுக்க மாட்டான். இவள் தனக்கும் வைத்துக்கொள்ளவில்லை. நான் மூத்தவனைப் பெற்றுக் கிடந்தபோது பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் அவள் வீட்டுப் பானைகளிலிருந்துதான் வந்தன. கொண்டுவந்து வைத்துவிட்டு, "தாளிக்கும்போது பூண்டை நசுக்கிப் போடு, முழுசாப் போட்டா ரெண்டு பல்லு கூடுதலாப் பிடிக்கும்" என்று ஒரு புத்திமதியையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் ஊர் வாய் வேறு ஒன்றையும் கேட்கும். பிள்ளையா குட்டியா, யாருக்காக இப்படி மிச்சம் பிடிக்கிறாள்? அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் வயிறு திறக்கவில்லை. கிணற்றடியில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே அப்படிக் கேட்டாள். வாளிக் கயிற்றை விடாமல் அவள் பதில் சொன்னாள்:

"வர்ற பிள்ளை கடனோட வரக் கூடாதுல்ல."

வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வந்தால் செலவு இருக்கிறது. அந்தச் செலவுக்குத்தான் அவள் ஒவ்வொரு சொட்டையும் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு அவளுடைய சிக்கனத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்ததில்லை.

அவள் மாமியார் அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் இருந்தாள். மகனுக்கு இரண்டாம் தாரமாகத் தன் அண்ணன் பேத்தியைப் பார்த்து வைத்திருந்தாள். "ஆடி கழியட்டும், ஆவணியில முடிச்சிருவோம்" என்று ஒரு வருஷம் சொன்னாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். புருஷனோ வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த மனிதர். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரை நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் சொன்னதில்லை.

அப்போதுதான் யுத்தம் முற்றி அரிசிக்கு ரேஷன் வந்தது. க்யூவில் நின்று வாங்கிய அரிசியில் பாதி கல்லும் பாதி நாற்றமுமாக இருக்கும். அதுவும் வாரத்துக்குக் காணாது. கள்ள மார்க்கெட்டில் கேட்ட விலையைக் கேட்டாலே வயிறு நிறைந்துவிடும். சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் வயல்காட்டில் என் சித்தப்பா வீடு இருந்தது. அங்கே நல்ல அரிசி பழைய விலைக்கே கிடைக்கும். ஆனால் பெர்மிட் இல்லாமல் ஒரு படி அரிசியைக்கூட ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. ரோட்டில் மூங்கிலைக் குறுக்கே கட்டி, பஸ்ஸை நிறுத்தி, மூட்டை முடிச்சையெல்லாம் குத்திப் பார்ப்பார்கள்.

ஒரு மத்தியானம் அவள் என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏடி, நீ மாசமா இருந்தப்ப எப்படி நடந்தே? கொஞ்சம் நடந்து காட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் மடியிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தாள். பழைய சேலையை மடித்து, அறை அறையாகத் தைத்து, இடுப்பில் சுற்றிக் கட்டுகிற மாதிரி ஒரு பை தைத்து வைத்திருந்தாள்.

"வேணாங்க்கா. விளையாடுற விசயமா இது?"

"மாசமாயிருக்கவ வயித்துல எவனும் கை வைக்க மாட்டான். நடந்து காட்டுறியா, இல்ல நானே பாத்துக்கிறவா?"

நடந்து காட்டினேன். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, காலை அகட்டி, மூச்சை வாயால் விட்டு. அவள் என் பின்னாலேயே நடந்தாள். "உக்கார்றப்ப எதைப் பிடிச்சுக்கிடுவே? எந்திரிக்கிறப்ப எந்தக் கையை ஊனுவே?" என்று பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டாள். பத்து வருஷமாக மற்றவர்களைப் பார்த்து அவள் இதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தாள் என்று எனக்குப் பட்டது. என்னைவிட நன்றாக நடந்தாள்.

அதிலும் அவளுக்கு ஒரு கணக்கு. முதல் நடையில் ஒரு படிதான் கட்டினாள். "எடுத்ததுமே நெறமாசமாப் போய் நின்னா நம்புவானா? வயிறு வளர்ற மாதிரி அரிசியும் வளரணும்." துணைக்கு நான், என் இடுப்பில் மூத்தவன். கரியைப் போட்டு ஓட்டும் அந்தக் கால பஸ் மேட்டில் ஏறாது. எல்லோரையும் இறங்கி நடக்கச் சொல்வார்கள். அவளை மட்டும், "நீ உக்காரு தாயி" என்பார்கள். அவளும் உட்கார்ந்துகொள்வாள். செக்கிங்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, இந்த ஒடம்போட எதுக்கு அலையிறே?" என்பார். "ஆத்தா வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்யா" என்பாள். அவளுக்கு ஆத்தா இறந்து வெகுகாலம். கொண்டுவந்த அரிசியை வளவில் ஆறு வீட்டுக்கும் வாங்கின விலைக்கே அளந்து கொடுப்பாள். பகலில் பெருத்த வயிற்றோடு பஸ்ஸில் வந்தவள் சாயங்காலம் தட்டையான வயிற்றோடு கிணற்றடிக்கு வருவாள். வளவுக்கே தெரியும். வளவு வாய் திறக்கவில்லை. ஆறு வீட்டு உலையும் அதில் கொதித்ததே!

மாசங்கள் போயின. வயிறு மூன்று படிக்கு வந்திருந்தபோது பஸ்ஸில் ஒரு வளையல்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வயசாளி. அவளையே பார்த்துக்கொண்டு வந்தவர், "மாசம் ஏழு இருக்குமா தாயி?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். "வெறுங்கையா இருக்கியே! வளைகாப்புப் போடலையா?"

"காலம் கெட்ட காலம்யா. யாரு போடுறா?"

அவர் பெட்டியைத் திறந்துவிட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரி கையை வெறுமையாக விட்டுவிட்டுப் போனால் தொழில் விளங்காது என்றார். காசு வேண்டாம் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். மூங்கில் தடுப்பு வந்துவிட்டது, பஸ் நின்றது, செக்கிங்காரர் படியில் ஏறிக்கொண்டிருந்தார். வளைகாப்பு வேண்டாம் என்கிற கர்ப்பிணி எந்த ஊரில் இருக்கிறாள்? அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் விரல்களைக் கூட்டிப் பிடித்து, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். செக்கிங்காரர்கூட நின்று பார்த்துவிட்டு, "நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்" என்று இறங்கிப் போனார்.

"பெத்த பிறகுதான் கழட்டணும், தெரியும்ல?" என்றார் வளையல்காரர். எந்த ஊர், யார் வீடு என்று கேட்டார். அவள் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டாள். இல்லை, அந்த நேரத்தில் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. புருஷன் ஊர் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அவர் மாசம் தவறாமல் வளையல் விற்கப் போகிற ஊர் அது.

வீட்டுக்கு வந்து அரிசியை அவிழ்த்தோம். வளையலைக் கழற்றவா என்றேன். "இருக்கட்டும்டி. கழட்டினா உடைஞ்சு போகும், வீணாயிரும்" என்றாள். அவள் சுபாவம் அதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த நடை போய்விட்டு நாங்கள் திரும்பி வந்தபோது வளவு வாசலில் ஒரு சாக்கு, ஒரு கோழி, ஒரு கருப்பட்டிச் சிப்பம், அவற்றின் நடுவில் மாமியார். வளையல்காரர் போய்ச் சொல்லி, கிழவியிடம் ஒரு வேட்டியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கிழவி அண்ணன் வீட்டுக்குப் போய், "சம்பந்தம் வேணாம், எம் மருமகளுக்கு அழகர் கண்ணைத் தொறந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கையோடு பஸ் ஏறியிருக்கிறாள். வளவுப் பெண்கள் பேயறைந்த மாதிரி நின்றார்கள். ஒருத்தியும் உண்மையைச் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது?

கிழவி ஓடிவந்தாள். இத்தனை வருஷமாக அவளை "வந்தவ" என்றே குறிப்பிட்ட வாய், "என்னைப் பெத்த ஆத்தா!" என்றது. வாய் முழுக்கச் சிரிப்போடு வயிற்றில் கையை வைத்தாள்.

நெல்லிலேயே பிறந்து நெல்லிலேயே வளர்ந்த கைக்கு அரிசி தெரியாதா? கை அப்படியே நின்றது. விரல்கள் லேசாக ஒரு முறை அழுத்தின. சிரிப்பு முகத்திலேயே கிடந்தது, ஆனால் ஆள் அதில் இல்லை. என் மூத்தவன் இடுப்பிலிருந்து சிணுங்கினான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உள்ள வா" என்றாள் கிழவி.

முதுகு முடிச்சு அவளுக்கு எட்டாது, நான்தான் அவிழ்க்க வேண்டும். அதனால் நானும் உள்ளே போனேன். அரிசியை முறத்தில் கொட்டினேன். கிழவி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பிள்ளைன்னு சொல்லி அரிசியைச் சுமந்தியாடி பாவி! எம் பேரப்பிள்ளைக்குப் பேருகூட வச்சுட்டு வந்தேனேடி!" அந்த அழுகை பொய்யில்லை. எனக்கே அவள்மேல் இரக்கம் வந்தது. அக்கா எதிரே நின்றபடி, சிதறிய அரிசியைக் காலால் மிதித்துவிடாமல் ஒதுங்கிக்கொண்டாள்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, கிழவி முறத்தை இழுத்தாள். ஒரு அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்தாள்.

"நல்ல அரிசியால்ல இருக்கு. படி எம்புட்டு?"

அக்கா விலையைச் சொன்னாள். கிழவி நிமிர்ந்து பார்த்தாள். ஊர் நெல்லையெல்லாம் சர்க்கார் அளந்து கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். அண்ணன் பேத்தி கல்யாணத்துக்குப் பந்தி போட அரிசி இல்லாமல்தான் இரண்டு ஆவணியைத் தள்ளினேன் என்றாள். கள்ளத்தில் வாங்கினால் காடு கரை அடமானத்துக்குப் போய்விடும் என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் அரிசியைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு நடை போனியன்னா பந்திக்கு ஆகும்ல?"

என் காது கொதித்தது. 'அடி நெஞ்சில் ஈரமில்லாதவளே' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"நாலு நடை பத்தாது அத்தே. வந்தவுக ரெண்டாந்தரம் சோறு கேப்பாக."

அன்றைக்கு அவளோடு நான் சண்டை போட்டேன். உனக்குச் சூடு சொரணை இல்லையா, உன் தாலிக்குப் பங்கு கேட்கிறவளுக்கு நீயே சோறு சுமந்து போடுவாயா என்று கத்தினேன். அவள் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "நான் கொண்டாரலைன்னா நின்னுருமா? கள்ளத்துல வாங்குவாக. அந்தக் கடன் இவுக சம்பளத்துலதானே விடியும். வர்ற பிள்ளை கடனோட வரக் கூடாதுல்ல. எவ வயித்துல வந்தா என்ன?" கடைசிச் சொல்லைச் சொல்லும்போது முறத்தைக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

போனாள். நிறைமாசக்காரி கணக்காக நாலு படியைக் கட்டிக்கொண்டு, வளையல் குலுங்க, பஸ்ஸில் எல்லோரும் எழுந்து இடம் விட, உட்கார்ந்து வந்தாள். அந்த நடைகளில் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அழகர்கோவிலில் தாலி கட்டு. எங்கள் வளவு முற்றத்தில் பந்தி. இரண்டாந்தரம் சோறு கேட்டவர்களுக்கெல்லாம் சோறு இருந்தது. மிஞ்சியதில் அவள் தண்ணீர் ஊற்றி வைத்தாள், மறுநாள் ஆறு வீட்டுக்கும் பழையது.

அதற்குப் பிறகு அவள் அந்த ரோட்டில் போகவில்லை. நான் மட்டும் சித்தப்பாவைப் பார்க்க ஒரு தடவை போய்வந்தேன். செக்கிங்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "கூட வருமே ஒரு அம்மா, பிள்ளை பெத்துருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன பிள்ளை என்றார். சக்களத்தி என்று நாக்கு நுனிவரை வந்தது. "ஆம்பளப் பிள்ளை" என்றேன். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னபோது, "ஆம்பளப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனாள். வெகுநேரம் ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

சக்களத்தியாக வந்த சின்னவள் நல்ல பெண். இவளை அக்கா அக்கா என்று சுற்றி வந்தாள். யுத்தம் முடிந்த சமயம் சின்னவள் மாசமானாள். ஏழாம் மாசம் மாமியார் வந்து முற்றத்தில் உட்கார்ந்து, வளைகாப்புச் செலவைப் பற்றிப் பேசினாள். அக்காவின் கைகளில் அந்தப் பச்சை சிவப்பு வளையல்கள் அப்படியே கிடந்தன. பாத்திரம் தேய்க்கும்போது துணியைச் சுற்றிக்கொள்வாள், தண்ணீர் இறைக்கும்போது முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொள்வாள். ஒன்றுகூட உடையவில்லை.

"புதுசு எதுக்கு? உங்கையில கெடக்குறதையே சோப்புப் போட்டுக் கழட்டி இவளுக்குப் போட்டா ஆகாதா? நீதான் எதையும் வீணாக்கக் கூடாதும்பியே" என்றாள் கிழவி. அவள் சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவள் எழுந்தாள். உள்ளே போய்ப் பானை அடியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துக்கொண்டு, "ஏடி, வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு புதுமண்டபத்துக்கு நடந்தாள். முதல் கடையிலேயே நின்றாள். சின்னவள் கைக்கு நல்ல கண்ணாடி வளையலாகப் பொறுக்கினாள். கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தாள். என் ஆயுசில் அவள் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சாமான் அதுதான். கொசுறும் கேட்கவில்லை.

திரும்பும்போது என்னால் அடக்க முடியவில்லை. "கையில அம்புட்டு இருக்கையில இது எதுக்குக்கா?" என்றேன்.

"பெத்த பிறகுதானேடி கழட்டணும்" என்றாள்.

தெருவில் அன்றைக்கு நல்ல கூட்டம். யாரும் இடித்துவிடாமல் முந்தானையால் இரண்டு கைகளையும் சுற்றிக்கொண்டு, ஓரமாகவே நடந்து வந்தாள்.